மேஷ், மாஷ், மோஷ்: ஒரு சொல் நடந்த வழி

பெயர்களை இடுகுறி, காரணம் என்று நன்னூலில் பிரித்து வைத்தார் பவணந்தியார். மரத்தை மரம் என்பது இடுகுறி. பறப்பதால் பறவை என்பது காரணம். இந்த இரண்டு கூடைகளிலும் அடங்காமல், காது தவறிக் கேட்டதால் நிலைத்துவிட்ட பெயர்களும் உலகில் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'மோஷ்' அப்படிப்பட்ட ஒன்று.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சிறிய அரங்கு ஒன்றில் பங்க் இசைக்குழு வாசிக்கிறது. நாற்காலி கிடையாது. டிரம்மில் முதல் அடி விழுந்ததும் மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்ற கூட்டம் நடுவில் விலகுகிறது. திறந்த இடத்துக்குள் பத்துப் பேர் பாய்ந்து, தோளும் தோளும் இடிபட ஒருவர் மேல் ஒருவர் மோதுகிறார்கள். ஒருவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறான்; அடுத்த நொடி அவனே மறுபடி இடிக்கிறான். இரண்டு நிமிடத்துக்குள் பாட்டு முடிந்து, மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். இந்த ஆட்டத்துக்குத்தான் மோஷ் என்று பெயர். ஆட்டம் நடக்கும் இடம் மோஷ் பிட்.

ஆட்டம் முரட்டுத்தனமானது என்பதால் சொல்லும் அப்படிப் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். அதன் வழியைப் பின்தொடர்ந்து போனால் வேறு கதை கிடைக்கிறது. எதை நொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இந்தச் சொல் புறப்பட்டதோ, அந்த 'எதை' நடுவழியில் உதிர்ந்துவிட்டது. இலக்கணக்காரர் மொழியில் சொன்னால், செயப்படுபொருளைத் தொலைத்துவிட்ட வினைச்சொல் இது.

வசைச்சொல்லே விலாசம்

மோஷுக்கு முன் பங்க். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்தச் சொல் வருகிறது. அங்கே விலைமகள் என்று பொருள். அமெரிக்காவில் இதே ஒலியுடைய இன்னொரு சொல், நெருப்பு மூட்டப் பயன்படும் மக்கிய மரத்தூளைக் குறித்தது. அது அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இந்த இரண்டு பங்குகளும் உறவா, ஒலி ஒத்த அயலாரா என்பது தீராத வழக்கு. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் சொல் மேலும் கீழிறங்கி, உதவாக்கரை, சில்லறைப் போக்கிரி, சிறையில் வலியவனுக்கு அடங்கிக் கிடப்பவன் என்றெல்லாம் வசையாகப் புழங்கியது.

இசையோடு அது ஒட்டிக்கொண்டது 1970-களின் தொடக்கத்தில். நியூயார்க்கின் 'சூசைட்' என்ற இருவர் குழு 1970-லேயே தன் கச்சேரி விளம்பரத்தில் பங்க் என்ற சொல்லைப் போட்டது. 'கிரீம்' என்ற இசை இதழில் 1971-இல் டேவ் மார்ஷ் 'பங்க் ராக்' என்று எழுதினார். 1976 ஜனவரியில் ஜான் ஹோம்ஸ்ட்ராம், லெக்ஸ் மெக்நீல் முதலான இளைஞர்கள் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்கு 'பங்க்' என்றே பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் போலீஸ்காரர் திருடனைப் பிடித்ததும் வைகிற வசை அது. வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சமூகம் எறிந்த கல்லை எடுத்துத் தன் வீட்டு வாசற்படியாகப் போட்டுக்கொண்ட கூட்டம் இது.

'இண்டி' இன்னும் எளிய கதை. சார்பற்றது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி மட்டும் மிஞ்சியது இண்டி. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராதது என்பது அதன் தொடக்ககாலப் பொருள். மான்செஸ்டர் நகரின் 'பஸ்காக்ஸ்' குழு கடன் வாங்கிய 500 பவுண்டை வைத்து, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தானே ஒரு நிறுவனப் பெயர் சூட்டி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டுகள் கொண்ட தட்டை வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000. மறுபதிப்புகளோடு 16,000 விற்றது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இத்தகைய தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்தது. அன்று இண்டி என்றால் யார் பணம், யார் வண்டி என்ற கணக்கு. ஓசையின் இயல்பைக் குறிப்பதாக அது மாறியது பிற்பாடு.

இந்த இரண்டு பெயர்களும் இதழ்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து நிலைநிறுத்தியவை. கச்சேரித் தளத்தில் உடம்பு செய்வதற்கான பெயர்களை அவர்கள் தரவில்லை. அவை தளத்திலிருந்தே வந்தன.

மேல்நோக்கி

முதலில் வந்தது 'போகோ'. நின்ற இடத்திலேயே கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாகச் செங்குத்தாகக் குதிப்பது. 1976 லண்டன். ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் நிலவறை அரங்கான '100 கிளப்', பங்க் குழுக்களின் கூடாரம். அங்கே 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' வாசிக்கும்போது கூட்டத்தில் நின்று குதித்தவர் சிட் விஷியஸ். அக்குழுவில் அவர் சேர்ந்தது பிறகுதான். தனக்குப் பிடிக்காத ஒரு ரசிகர் கும்பலை இடித்துத் தள்ளுவதற்காகவே அப்படிக் குதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் தோலில் தைத்த 'போன்சோ' என்ற மேலங்கி ஒன்றைப் போட்டிருந்தார், அதைப் போட்டுக்கொண்டு வேறு எப்படியும் ஆட முடியாது என்பது பாடகர் ஷேன் மெக்கோவன் தந்த விளக்கம். தாழ்ந்த மேடை, முன்னால் உயரமானவர்கள்; எட்டிப் பார்க்கக் குதித்தார்கள் என்பாரும் உண்டு. மூன்றுக்கும் இடம் இருக்கிறது. இசையின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1976-இல் வந்த 'ரமோன்ஸ்' குழுவின் முதல் தட்டில் 14 பாட்டுகள். மொத்தம் அரைமணி நேரம்கூட இல்லை. அந்த வேகத்துக்குக் கால்வைப்பு பழக முடியாது. பக்கத்தில் நகர இடமும் இல்லாதபோது உடம்புக்குத் திறந்திருந்த ஒரே திசை மேலே.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சிக்கல் இல்லை. அடியில் ஸ்பிரிங் வைத்த கழியில் ஏறிக் குழந்தைகள் குதிக்கும் விளையாட்டுச் சாமான் 'போகோ ஸ்டிக்'. அதைப்போலக் குதிப்பதால் போகோ. நன்னூல் வழியில் இது சுத்தமான காரணப்பெயர்.

ஆனால் அந்தக் கழிக்கு ஏன் போகோ என்று பெயர்? இங்கேதான் சொல்லாராய்ச்சி கண்ணை விழித்துக்கொள்ள வேண்டும். பர்மாவில் ஏழை விவசாயி ஒருவருக்குப் போகோ என்று ஒரு மகள், செருப்பில்லாமல் சேற்றில் நடந்து கோயிலுக்குப் போக முடியவில்லை, அப்பா குதிக்கும் கழி செய்து கொடுத்தார், அதைப் பார்த்த அமெரிக்கப் பயணி அவள் பெயரையே சூட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. தலபுராண வாசனை வீசும் கதை. 1920-இல் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இத்தகைய கழியைப் பதிவு செய்தவர்கள் மாக்ஸ் போலிக், எர்ன்ஸ்ட் கோட்ஷால் என்னும் இருவர். இருவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் போ, கோ. பர்மியப் பெண்ணைவிட இந்த இரண்டு ஜெர்மானியரை நம்புவது எளிது.

மெக்கோவன் பிற்பாடு தொடங்கிய குழுவின் பெயர் 'போக்ஸ்'. போகோவிலிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றும். தொடர்பே இல்லை. அது ஐரிஷ் மொழி வசை ஒன்றின் சுருக்கம். என் பின்புறத்தை முத்தமிடு என்று பொருள். ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே இசை, கிட்டத்தட்ட ஒரே ஒலி, இருந்தும் உறவில்லை. ஒலி ஒப்புமையை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் தேடுவோருக்கு இது நல்ல எச்சரிக்கை.

பக்கவாட்டில்

அட்லாண்டிக்கைக் கடந்து கலிஃபோர்னியாவின் தென்கரைக்குப் போனதும் ஆட்டம் திசை மாறியது. 1970-களின் இறுதியில் ஹண்டிங்டன் பீச் போன்ற கடலோரப் புறநகர்ப் பையன்கள் லாஸ் ஏஞ்சலஸ் பங்க் அரங்குகளுக்கு வரத் தொடங்கினார்கள். அலைச்சறுக்கும் ஸ்கேட்போர்டும் பழகிய உடம்புகள். நின்ற இடத்தில் குதிப்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லை. குனிந்து, முழங்கையை வீசி, வட்டமாக ஓடி மோதினார்கள். இதற்குப் பெயர் 'ஸ்லாம்'. கதவை அறைந்து சாத்துவதற்கு வழங்கும் வினை. இதுவும் காரணப்பெயர். பெனிலோப்பி ஸ்ஃபீரிஸ் இயக்கி 1981-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று அந்த அரங்குகளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

1980-இல் வாஷிங்டன் நகரத்துச் சிறுவர் குழுவான 'டீன் ஐடில்ஸ்' மேற்குக்கரைக்குப் போய்த் திரும்பியது. இரண்டு சரக்குகளோடு வந்தது. ஒன்று ஸ்லாம். மற்றொன்று புறங்கையில் கறுப்பு மையால் போடும் பெருக்கல் குறி: இவனுக்கு மது வாங்கும் வயது வரவில்லை, இசை கேட்க மட்டும் உள்ளே விடு என்பதற்கு அடையாளம். அக்குழுவின் இயன் மெக்கே அடுத்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி நியூயார்க்கில் நேரலைத் தொலைக்காட்சியில் தலைகாட்டினார். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 'ஃபியர்' என்ற குழு வாசித்தபோது, மேடை முன் ஸ்லாம் ஆடுவதற்கென்று வாஷிங்டனிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஆட்டம் கைமீறி, ஒளிபரப்பைப் பாதியில் வெட்டினார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்கா இந்த ஆட்டத்தைப் பார்த்த இரவு அது. பார்த்தது மோஷ் என்று அன்று அதற்குத் தெரியாது. அந்தப் பெயர் அப்போதுதான் ஒரு பாடகரின் வாயில் உருண்டுகொண்டிருந்தது.

பாடகரின் வாயும் கூட்டத்தின் காதும்

'பேட் பிரெயின்ஸ்' வாஷிங்டன் பகுதியில் 1970-களின் பின்பாதியில் உருவான நால்வர் குழு. பாடகர் எச்.ஆர்., கிட்டார் டாக்டர் நோ, பாஸ் டேரில் ஜெனிஃபர், டிரம்ஸ் எர்ல் ஹட்சன். எச்.ஆரும் எர்லும் உடன்பிறந்தவர்கள். நால்வரும் கறுப்பர். வெள்ளைப் பையன்களின் இசையாகப் பெயர் வாங்கியிருந்த பங்க்கில் எல்லாரையும்விட வேகமாக வாசித்தவர்கள் இவர்கள்தான். அதற்கு முன் ஜாஸ் கலந்த நுணுக்கமான இசை வாசித்துப் பழகியவர்கள்; ஆகவே வேகத்திலும் தாளம் பிசகாது. 1980-இல் வந்த முதல் தட்டின் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான். உள்ளூர் அரங்குகள் தங்களைத் தடை செய்துவிட்டன என்றே ஒரு பாட்டு கட்டிவிட்டு நியூயார்க் போனார்கள். 1982-இல் முதல் ஆல்பம் ஒலிநாடாவாக மட்டும் வெளிவந்தது. மஞ்சள் உறையில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் மின்னல் இறங்கும் படம்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸையொட்டி நியூயார்க்கின் 'சிபிஜிபி' அரங்கில் அவர்கள் மூன்று நாள் வாசித்ததைப் படம்பிடித்திருக்கிறார்கள். நாட்டுப்புற இசை வகைகளின் முதலெழுத்துகளால் பெயர் வைத்து ஹில்லி கிறிஸ்டல் 1973-இல் தொடங்கிய மதுக்கூடம் அது. பங்க் தலைநகரமாக அது ஆனது அவர் திட்டமிடாதது. படத்தில் மேடைக்கும் தளத்துக்கும் பேருக்குத்தான் வித்தியாசம். கூட்டத்திலிருந்து ஒருவன் ஏறி வருவான், பாடகர் பக்கத்தில் ஒரு கணம் நின்று, வந்த திசையிலேயே தலைகீழாகப் பாய்வான். கீழே கைகள் ஏந்திக்கொள்ளும். ஏறி வருகிறவனை யாரும் விரட்டுவதில்லை, பாட்டும் நிற்பதில்லை. எச்.ஆர். பாட்டின் இறுதியில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, கடைசித் தாள அடியும் தம் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி இறங்குவதற்குப் பேர்போனவர். இவ்வளவு ஆவேசத்துக்கு நடுவில் திடீரென்று வேகம் அடங்கி ரெகே இசை தொடங்கும். ஒரு நிமிடம் முன்பு மோதிக்கொண்டிருந்த அதே கூட்டம் நின்று அசையும்.

அந்த ரெகேதான் நம் சொல்லின் தாய்வீடு. 1970-களின் இறுதியில் இந்த நால்வரும் ஜமைக்காவின் ரஸ்தஃபாரி நெறியைத் தழுவினார்கள். ரஸ்தஃபாரி வழக்கில் பாபிலோன் என்பது விவிலிய நகரத்தோடு நின்றுவிடாது. போலீஸ், அரசு, அடிமை வியாபாரத்தில் கொழுத்த ஆட்சிமுறை எல்லாமே பாபிலோன்தான். அதை 'மாஷ்' செய்ய வேண்டும், அதாவது நொறுக்க வேண்டும் என்பது ரெகே பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அறைகூவல்.

மாஷ் ஜமைக்காவுக்கே உரிய சொல் அல்ல. பீர் வடிப்பதற்காக முளைவிட்ட தானியத்தை வெந்நீரில் குழைத்த கூழுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயரிலிருந்து வந்தது. பிறகு எதையும் குழைய நசுக்குவதற்கான வினையாயிற்று. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் வாயில் அது ஜமைக்கா மொழிக்குள் போய், நொறுக்கு, சிதை என்று வலுப்பெற்றது. அங்கே அதற்கு ஒரு புகழ்ப்பொருளும் உண்டு. நம் ஊரில் அமர்க்களமாகப் பாடியவரை 'பொளந்து கட்டிட்டார்' என்கிறோமே, அதேபோல அரங்கை மாஷ் செய்துவிட்டான் என்றால் அங்கே பாராட்டு.

எச்.ஆர். மேடையில் ஜமைக்கா உச்சரிப்போடுதான் பாடினார், பேசினார். பாட்டுக்கு நடுவே கூட்டத்தைப் பார்த்து மாஷ் செய்யச் சொல்லி முடுக்குவார். அமெரிக்க வாயில் இந்தச் சொல் 'மேஷ்' என்பதற்கு நெருக்கம். ஜமைக்காவில் வாய் நன்றாகத் திறந்து 'மாஷ்' என்று வரும். அமெரிக்கக் காதுக்கு அந்த ஆகாரம் வேறோர் எழுத்துக்கு உரியது. ராக், ஹாட், ஜாப் என்ற சொற்களை ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்து போட்டு எழுதுகிறார்கள். அமெரிக்கர் ஒலிப்பது ஆகாரம். ஆகவே மேடையிலிருந்து வந்த மாஷைத் தங்களுக்குத் தெரிந்த மேஷ் என்று ரசிகர்கள் அடையாளம் காணவில்லை. புதிய சொல் என்று நினைத்து, ராக் எழுதுவதுபோல நடுவில் 'ஓ' போட்டு எழுதினார்கள்.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ரசிகர் இதழ்களிலும் தட்டு உறைகளிலும் பழைய எழுத்தே இருந்தது. அதே வாஷிங்டன் வட்டாரத்தின் 'ஸ்க்ரீம்' குழுப் பாட்டு ஒன்றின் தலைப்பில் இந்தச் சொல் பழைய எழுத்துக்கூட்டலோடுதான் நிற்கிறது. ஒலித்தது மட்டும் புதிய விதமாக. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்று இருக்கும் இத்தகைய இடைக்காலம் சொல்லாராய்ச்சியாளருக்குப் புதையல். தஞ்சாவூர் தஞ்சை ஆனதை மரூஉ என்கிறோம். அது நாவின் சோம்பலில் பிறந்த மரூஉ. மோஷ் காதின் பிசகில் பிறந்த மரூஉ.

புதிய எழுத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது பங்க்கின் பக்கத்து வீடான ஹெவி மெட்டல். 1985-இல் நியூயார்க்கின் 'எஸ்.ஓ.டி.' குழு, தன் பாடகர் பில்லி மிலானோ பெயரோடு மோஷைச் சேர்த்து ஒரு பாட்டுக்குத் தலைப்பிட்டது. அக்குழுவின் ஸ்காட் இயன், சார்லி பெனான்டே இருவருக்கும் தாய்க்குழு 'ஆன்த்ராக்ஸ்'. 1987-இல் ஆன்த்ராக்ஸ் வெளியிட்ட ஆல்பத்தில் 'காட் இன் எ மோஷ்' என்றே ஒரு பாட்டு. இதில் ஒரு வேடிக்கை. எஸ்.ஓ.டி. தட்டின் தலைப்புக்கு, ஆங்கிலம் பேசு இல்லையேல் செத்துப் போ என்று பொருள். குறும்புக்கு வைத்த தலைப்பு என்று அக்குழுவினர் சொல்வார்கள். ஆங்கிலம் பேசச் சொல்லி மிரட்டும் அந்த அட்டைக்குள்தான், ஜமைக்கா உச்சரிப்பைத் தவறாகக் கேட்டதால் பிறந்த சொல் அச்சேறி ஊர்வலம் போனது.

தொலைந்தது எது

மாஷ், செயப்படுபொருள் குன்றாத வினை. நொறுக்கு என்றால் எதை என்று கேட்க வேண்டும். பாபிலோனை என்று பதில் வரும். மோஷ், செயப்படுபொருள் குன்றிய வினை. ஆங்கில அகராதிகள் அதை அப்படித்தான் வகைப்படுத்துகின்றன. நட, ஓடு, ஆடு வரிசையில் அது சேர்ந்துவிட்டது. ஒரு உயிரெழுத்து மாறியதில் எதிரி காணாமல் போனான். பாபிலோன் நின்ற இடம் காலியானதும் பக்கத்தில் நின்றவன் அந்த இடத்துக்கு வந்தான்.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 1980-களின் பின்பாதியில் அமெரிக்க பங்க் அரங்குகளில் நடந்த தகராறுகளின் சாரமே இதுதான். ஆட்டத்துக்குப் பெயர் நிலைத்ததும், அந்தப் பெயரைச் சொல்லி என்ன செய்தாலும் செல்லும் என்று நினைக்கும் ஒரு கூட்டம் வந்தது. பலசாலிகளும் உயரமானவர்களும் முன்னால்; பெண்களும் சிறுவர்களும் சுவரோரம். இதைப் பார்த்து முதலில் அலுத்துக்கொண்டவர்களில் ஒருவர், ஸ்லாமை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்த அதே இயன் மெக்கே.

1987-இல் 'ஃபுகாஸி' குழுவோடு மேடை ஏறத் தொடங்கினார். அந்தப் பெயர் வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வழங்கிய கொச்சை. பதுங்கித் தாக்கப்பட்டுப் பிணப்பையில் போய்ச் சேர்வதைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துத் தொகுப்பு. போர் நினைவுகளைத் தொகுத்த 'நாம்' என்ற நூலில் மெக்கே அதைக் கண்டெடுத்தார். ஃபுகாஸி 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தியது. முடிந்த இடத்திலெல்லாம் நுழைவுக் கட்டணம் 5 டாலர், எல்லா வயதினருக்கும் அனுமதி. கூட்டத்தில் ஒருவன் வரம்பு மீறினால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். மெக்கே மரியாதையாக 'ஐயா' என்று விளித்து நிறுத்தச் சொல்வார். அடங்காவிட்டால் வெளியே அனுப்பி, போகும்போது அவன் கொடுத்த 5 டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஜெம் கோஹன் இக்குழுவைப் பற்றி எடுத்த 'இன்ஸ்ட்ருமென்ட்' படத்தில் ஓர் இடம் வருகிறது. முரண்டு பிடித்த ஒரு பையனிடம் கிட்டார்காரர் கீ பிச்சியாட்டோ, கச்சேரிக்கு முன்னால் நீ சின்னப் பிள்ளைபோல ஐஸ்கிரீம் சாப்பிட்டதைப் பார்த்தேனே, பெரிய ரௌடி மாதிரி ஏன் நடிக்கிறாய் என்ற பொருளில் கேட்கிறார். அடிதடியைவிட அது உறைத்திருக்கும்.

பெண்கள் வேறு வழி எடுத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் 1990-இல் உருவான 'பிகினி கில்' குழுவின் பாடகி கேத்லீன் ஹான்னா, பெண்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள், ஆண்கள் பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொள்வதை வழக்கமாக வைத்தார். அவர்களுடைய இயக்கத்தின் பெயரும் கச்சேரித் தளத்துக்கு வெளியே பிறந்ததுதான். 1991 மே மாதம் தலைநகர் வாஷிங்டனின் மவுண்ட் பிளசன்ட் பகுதியில் கலவரம் நடந்தது. அந்தச் சூட்டில், பெண்களின் கலவரம் ஒன்று வேண்டும் என்று தோழியருக்குள் எழுந்த பேச்சு 'ரயட் கேர்ள்' என்ற பெயராகத் திரண்டது. ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்கும் சொல்லின் நடு உயிரைப் பிடுங்கிவிட்டு, உறுமல்போல மூன்று ரகரம் போட்டு எழுதினார்கள். மோஷில் உயிரெழுத்து தற்செயலாக மாறியது. இங்கே தெரிந்தே எடுத்தெறிந்தார்கள்.

குழியும் கணக்கும்

'பிட்' பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றைக் குறிக்கும் லத்தீன் 'புத்தேயுஸ்' பழைய ஆங்கிலத்துக்குள் வந்து குழி ஆயிற்று. சேவற்சண்டைக் களத்துக்கும் அதே பெயர். லண்டன் டிரூரி லேனில் அப்படிப்பட்ட களம் ஒன்றை 1616-இல் நாடக அரங்காக மாற்றினார்கள். பிறகு நாடகக் கொட்டகையின் தரைமட்டப் பகுதியே பிட் எனப்பட்டது. மோஷ் பிட்டில் தரை பள்ளமாக இருப்பதில்லை. கூட்டம் நாலாபக்கமும் கரைகட்டி நிற்க, நடுவில் திறக்கும் வெட்டவெளிதான் குழி. சேவற்சண்டையின் நினைவு சொல்லுக்குள் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ பொருத்தமாகிவிட்டது.

கடைசித் திருப்பம் இயற்பியலிலிருந்து வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி சில்வர்பெர்க், மேத்யூ பியர்பாம், ஜேம்ஸ் செத்னா, இட்டாய் கோஹன் நால்வரும் ஹெவி மெட்டல் கச்சேரி வீடியோக்களை அலசி, 2013-இல் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்கள். மோஷ் பிட்டில் மோதுவோரின் வேகங்கள், ஒரு தளத்தில் அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகள் ஓடும் கணக்கோடு ஒத்துப்போகின்றன என்று காட்டினார்கள். வட்டமாக ஓடும் பிட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றன. கணினியில் இதைச் செய்துபார்க்க அவர்கள் படைத்த பொம்மை மனிதர்களுக்கு நீளமான ஒரு பெயர் வைத்து, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தார்கள். கிடைத்தது 'மேஷர்'. முப்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டத்தின் காதில் தொலைந்த எழுத்து, ஆய்வுக்கூடத்தில் திரும்பிவிட்டது.

மேஷ் என்றதும் கீரையை மசிக்கும் நம் 'மசி' நினைவுக்கு வரலாம். ஒலியும் பொருளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. ஆனால் மேஷின் வேர் பீர்க்கூழோடு பழைய ஆங்கிலத்தில் நிற்கிறது. தமிழோடு அதைப் பிணைக்கக் கயிறு இல்லை. போகோவையும் போக்ஸையும் பிரித்துவைத்த அதே கண்டிப்பு நம் சொந்தச் சொல்லுக்கும் செல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டல் ஒன்றில் மட்டும் தமிழுக்கு இங்கே உரிமை உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து மோஷ் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் நடுவில் அதே 'ஓ' இருக்கும் சொற்களை நாம் ராக், ஹாட், ஜாப், டாலர் என்று ஆகாரம் கொடுத்துத்தான் எழுதிவருகிறோம். அந்த வழக்கப்படி இதை மாஷ் என்று எழுதுவதே முறை. அமெரிக்கர் இன்று ஒலிப்பதும் அதுவே, எச்.ஆர். அன்று ஒலித்ததும் அதுவே. இனி இந்த இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மாஷ், மாஷ் பிட் என்றே எழுதலாம் என்பது என் துணிபு.